ரெண்டு தரம்

அப்பாவின் நல்ல சட்டையைத் தேடித் துணி அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த மெல்லிசின் நெற்றியில் மைக் இடித்தது. துணி மாட்டும் கம்பியிலிருந்து அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, காலையில் அவன் விட்டுவிட்டு ஓடிய அதே இடத்தில். அப்பா இறந்துபோன விஷயம் அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பஞ்சுக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, "ம், ஆரம்பி" என்கிற முகத்தோடு எப்போதும்போல அவனைப் பார்த்தது.

"கிடைச்சுதாங்க?" வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"இருட்டா இருக்கு."

"உங்களுக்குப் பழகாத இருட்டா? கோட்டுக்குப் பின்னாடி பாருங்க. கை விறைச்சுட்டா அப்புறம் சட்டை ஏறாது."

கோட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை. அதை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, மனைவி அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"அப்பாவோட டம்ளர் சமையலறைல இருக்கு. அங்க எப்படிப் போச்சு?"

"நான்தான் கழுவி வெச்சேன்."

"நீங்களா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கழுவிய முதல் பாத்திரம் அது. இன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோலப் போய்விட்டாள்.

மெல்லிசு என்பது அவனுக்கு வைத்த பெயரல்ல, ஒட்டிக்கொண்ட பெயர். பிறந்தவுடன் அவன் அழுதது தூக்கிப் பிடித்திருந்த நர்சுக்கே கேட்கவில்லை. அப்பா குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன இது, இவ்ளோ மெல்லிசா இருக்கு!" என்றார். அவர் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய ரகசியம் ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் கேட்டது. சாயங்காலம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "மெல்லிசு எங்க?" என்றே விசாரித்தார்கள்.

அப்பா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஊர் அவரைச் சங்கு என்றது. துணி ஆலையில் ஒருசமயம் நேரம் சொல்லும் சங்கு பழுதாகி, அதைச் சரி செய்யும் ஆள் வெளியூரிலிருந்து வருவதற்கு ஒரு மாதமாயிற்று. அந்த ஒரு மாதமும் ஆலையில் ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. அப்பா ஏலத்தை நேரத்துக்கு ஆரம்பித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பழுது பார்த்தவர் சங்கை ஊதிக் காட்டியபோது, "நேத்துவரைக்கும் இதைவிட நல்லா இருந்துதே" என்று முதலாளி வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த மெல்லிசு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களைத் தூரத்துப் பலகையில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவன் வேலை. நாள் முழுக்க ஊர் படிப்பதைக் கேட்டவனுக்கு, நாம் படித்து ஊர் கேட்டால் என்ன என்று தோன்றியது. கதை எழுதும் பழக்கம் முன்பே உண்டு. எழுதியதைத் தானே படித்து, ஃபோனில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட ஆரம்பித்தான். கேட்கிறவர்கள் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். ஓட்டுவதற்குத்தான் ஆள் இருக்காது.

பதிவுக்கு வேண்டியது குரல் மட்டுமல்ல, மௌனமும்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அலமாரியின் பின்பலகையில் பழைய மெத்தையை ஆணியடித்தான். துணிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் உள்ளே போனால் வீட்டுக்கே மூச்சு நின்றுவிடும். ஃபேன் கிடையாது. ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவான், திரும்பப் போட மறந்து போவதால் திங்கட்கிழமைகளில் இந்த வீட்டில் பால் திரிந்துதான் இருக்கும். சுவர்க் கடிகாரத்தைத் துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் படுக்க வைப்பான். மனைவி வெறுங்காலோடு நடப்பாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும் கடுகு போடமாட்டாள். காயப் போட்ட துணிகூட அந்த நேரத்தில் மெதுவாகத்தான் ஆடியது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அடங்காமல் இருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் இருமல்.

நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபிறகு சங்கின் குரல் நாளுக்கு நாள் இறங்கியது. ஊருக்குக் கேட்டது தெருவோடு நின்றது, தெருவுக்குக் கேட்டது வீட்டோடு நின்றது, கடைசியில் கட்டிலோடு நின்றுவிட்டது. இருமல் மட்டும் பழைய கம்பீரத்தோடு இருந்தது. அவருடைய கட்டில் அலமாரிக்கு அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கிடந்தது. கதையில் ஒருத்தி தன் காதலனைப் பிரிந்து நிற்கும் கட்டத்தில் இருமல் வந்து விழும். மெல்லிசு முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு சொல்லியே விட்டான்.

"அப்பா, ஒரு அரை மணி நேரம். அடக்கிக்க முடியாதா?"

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருமப் பழகினார். இன்னொரு நாள் அவர் தண்ணீருக்காகச் சுவரில் டம்ளரால் தட்டியதில் நல்லதொரு பக்கம் வீணாகிப்போனது. அன்றைக்கு மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு ஏற்பாடு சொன்னார்.

"சரிடா, இனிமே ஏலக் கணக்கு. ஒரு தரம் தட்டினா நீ காதுல போட்டுக்காதே. ரெண்டு தரம் தட்டினா, பொறுத்துக்குவேன்னு அர்த்தம். மூணு தரம் தட்டினா மட்டும் எழுந்து வா. மூணு தரம் ஆனாத்தானே சரக்கு கை மாறும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மெல்லிசும் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. அதன்பிறகு சுவரில் அவ்வப்போது ஒன்று விழும், எப்போதாவது இரண்டு விழும். மூன்று விழுந்ததே இல்லை. நல்ல ஏற்பாடு என்று மெல்லிசு நினைத்திருந்தான்.

இன்று காலை மனைவி மருந்துக் கடைக்குப் போகும்போது, "காதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து மாமனாரை எழுப்பப் போனவள் போட்ட கூச்சல்தான் அவனை அலமாரியிலிருந்து வெளியே இழுத்தது. "தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்று அழுதாள். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடியபோது, அப்பாவின் கைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த டம்ளரை அவன் பார்த்தான். எடுத்தான். கழுவியதெல்லாம் பிறகு நடந்தது.

இப்போது முன்னறையில் வாடகை நாற்காலிகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவே கட்டிலில் அப்பா, வெள்ளைச் சட்டையில். கழுத்து அவ்வளவு மெலிந்து போயிருந்ததால், காலர் பொத்தான் போட்டும் இரண்டு விரல் நுழையும்படி அகன்று நின்றது. வந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், மனைவி ஒரே பதிலைச் சொன்னாள்.

"சத்தமே இல்லைங்க. தூக்கத்துலயே."

"குடுத்து வெச்ச மனுஷன்."

ஒவ்வொரு தடவையும் மெல்லிசு தரையில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

ஐஸ்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டே தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்துபோன மனிதர். அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து நண்பனின் முகத்தையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கு சத்தமில்லாம போனானா? எனக்கு நம்பிக்கை இல்ல."

"ஐயா, சும்மா இருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? இவன் ஏலம் விட்டா ரெண்டு தெரு தள்ளி முடி வெட்டிக்கிட்டு இருந்த ஆளு தலையாட்டிட்டான். சாயங்காலம் ஒரு கூடை நெத்திலி அவன் வீட்டு வாசல்ல இறங்கியாச்சு. அவனும் மறு பேச்சு பேசல. தலையாட்டினது வாஸ்தவம்தானே!"

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று நான்கைந்து பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"ஆனா குரல் பெரிசில்ல, தம்பி" என்று அவர் மெல்லிசின் பக்கம் திரும்பினார். "குரல் கழுதைக்குக்கூட இருக்கு. உங்க அப்பன் ரெண்டு தரம்னு சொல்லிட்டு நிறுத்துவான் பாரு, அங்கதான் அவன் திறமை. மத்தவனுங்க மூணை உடனே போட்டுட்டுப் போயிடுவானுங்க. இவன் போடமாட்டான். கூட்டத்தைப் பாத்துக்கிட்டே நிப்பான். நாங்க ஐஸ் உருகுதுன்னு கத்துவோம். அசையமாட்டான். கேட்டா என்ன சொல்வான் தெரியுமா? 'எவனாவது வாயைத் தொறக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பான்டா. அவனுக்கு டைம் குடுக்க வேணாமா?'ம்பான்."

மெல்லிசின் சட்டைப் பையில் இருந்த ஃபோன் சுடுவதுபோல இருந்தது. அது சுடவில்லை, அணைந்துதான் கிடந்தது.

மத்தியானத்துக்கு முன்பே அக்கா வந்து சேர்ந்தாள். வெளியூரில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அப்பாவின் தொண்டை அப்படியே அவளுக்குத்தான் வந்திருந்தது. தெருமுனையில் இறங்கியபோதே அவள் அழுகை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆள் பிறகுதான் வந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அழுதாள். ஓய்ந்தபிறகு தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நான் வந்து பாக்கலடா. வரேன் வரேன்னு சொல்லிட்டே இருந்தேன். நீயாவது பக்கத்துல இருந்தியே."

"அவதான்க்கா எல்லாம் பாத்துக்கிட்டா."

"உன் அடக்கமெல்லாம் என்கிட்ட வேண்டாம். உன் கதையெல்லாம் நான் பஸ்ஸுல கேட்டுக்கிட்டேதான் போவேன். அந்தப் பையன் அவங்க அப்பாவை ராத்திரி பகலா கண்ணுல வெச்சுப் பாத்துக்கறானே, அந்தத் தொடர்கதை. அது யாருன்னு எனக்குத் தெரியாதா? கேட்டுக் கேட்டு அழுவேன். கண்டக்டர் டிக்கெட் குடுக்கவே பயப்படுவார்."

மெல்லிசு மனைவியைப் பார்த்தான். அவள் அப்பாவின் சட்டைக் கையிலிருந்த மடிப்பை நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய்," அக்காவின் குரல் திடீரென்று சிறிதாயிற்று. "அப்பா குரல் எதுலயாவது இருக்கா? என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. ஃபோன் பண்ணினா மூச்சு வாங்குதுன்னு பேசவே மாட்டாரு. நீதான் எப்பவும் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருப்பியே."

"இல்லக்கா."

"ஒரு வார்த்தைகூடவா?"

இல்லைதான். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவிலும் அப்பாவின் சத்தம் விழுந்த இடங்களைத் தேடித் தேடி வெட்டி எறிந்திருந்தான். ஒரு தும்மலை விட்டதில்லை. அந்தக் கைவேலையில் அவன் கெட்டிக்காரன். ஊரிலேயே பெரிய குரலுக்கு ஒரு துணுக்குகூட மிச்சமில்லாதபடி சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான்.

"இன்னிக்குக் காலைல பண்ணினது இருக்குமே" என்றாள் மனைவி, நிமிராமலே. கள்ளம் இல்லாமல்தான் சொன்னாள். "அதை நீங்க இன்னும் வெட்டி இருக்கமாட்டீங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாமாகிட்டப் பேசுவீங்களே. அண்ணிக்கு அதைப் போட்டுக் காட்டுங்க."

"அது சுத்தம் பண்ணல…"

"சுத்தமெல்லாம் யாருடா கேட்டா?" என்றாள் அக்கா.

அவன் பையிலிருந்து ஃபோனை எடுத்தான். அவ்வளவுதான் செய்தான். மனைவி தன்னால் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாசலருகே நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். உள்ளே காபி கலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் படாமல் கீழே வைத்தாள். ஃபோன் அவன் கைக்கு வந்தால் இந்த வீட்டில் என்ன செய்ய வேண்டுமென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாவு வீடு என்பதற்காக யாரும் அதை மறந்துவிடவில்லை. அந்த அமைதியில் மெல்லிசுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

ஆரம்பத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்பது தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலைத் தயாராக மேலே வைத்தபடி அழுத்தினான்.

முதலில் அவன் குரல். "அப்பா, ஆரம்பிக்கப் போறேன். இரும வேண்டியதெல்லாம் இப்பவே இருமிடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் வந்தது. மூட்டையிலிருந்து கொட்டுவதுபோல, இருக்கிற எல்லாவற்றையும் மொத்தமாக இருமித் தீர்க்கப் பார்க்கும் இருமல். அது ஓய்ந்தது. பிறகு, இழுத்துப் பிடித்த மூச்சில், ஒட்டிப்போன ஒரு குரல்.

"முடிஞ்சுது. நீ படி."

கட்டைவிரல் சரியான இடத்தில் விழுந்தது.

"இவ்ளோ சின்னதாவா ஆயிடுச்சு?" என்றாள் அக்கா. அழுதுகொண்டே சிரித்தாள். "இருமறதுக்குக்கூட பர்மிஷன்! இன்னொரு தரம் போடு."

போட்டான். முடிஞ்சுது, நீ படி. நிறுத்தினான். ஐஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு தரம்" என்று அக்கா ஃபோனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அவன் "அக்கா, நானே…" என்று சொன்னது வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். "இங்கேருந்து வரட்டும்" என்று சொல்லி, குனிந்து, ஃபோனை அப்பாவின் சட்டைப் பைக்குள் மெதுவாக இறக்கிவிட்டாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அப்பாவின் நெஞ்சிலிருந்து இருமல் வந்தது. அப்பாவின் நெஞ்சிலிருந்து, "முடிஞ்சுது. நீ படி" என்று வந்தது.

நிறுத்த வேண்டிய இடம் கடந்து போயிற்று. மெல்லிசின் கை பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றது. இத்தனை பேர் பார்க்க, செத்த அப்பாவின் பைக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். பிக்பாக்கெட்காரன்கூட யோசிப்பான். கையை மடக்கிக்கொண்டான்.

பைக்குள்ளிருந்து அவன் கதை படிக்க ஆரம்பித்தான். நல்ல குரல்தான். நிதானமாக, தேவையான இடத்தில் ஈரமாக, ஒரு மகன் தன் தகப்பனின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பதைச் சொல்லிக்கொண்டு போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யாரும் அசையவில்லை.

டொக்.

சுவரில் டம்ளர் படுகிற சத்தம். படித்துக்கொண்டிருந்த குரல் ஒரு கணம் தயங்கி, மேலே போயிற்று.

மனைவியின் கை அப்பாவின் சட்டைமேல் நின்றுவிட்டது.

டொக்.

இந்த முறை குரல் நின்றது. பைக்குள் மௌனம். கண்ணாடிக் கடையில் பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி நீண்ட மௌனம். அதற்குள் மெல்லிசின் மூச்சு கேட்டது. அவன் காத்திருந்தது கேட்டது. ஐஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தையில் நிற்கிறவர்போல அவர் உதடு லேசாகத் திறந்து, அடுத்ததற்காக அப்படியே இருந்தது.

"என்னடா அது சத்தம்?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.



"ப்ச்" என்றது பைக்குள்ளிருந்த குரல். தொண்டையைச் செருமிக்கொண்டது. விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து, முன்னைவிட அழகாகப் படித்தது. "அப்பா ஒரு விரலை அசைத்தால் போதும், அவன் எழுந்து நின்றுவிடுவான்."

மனைவி தலையைத் திருப்பினாள். அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறை அலமாரியைப் பார்த்தாள். அங்கே மற்றப் பாத்திரங்களோடு சேராமல், கவிழ்த்து வைத்த டம்ளர் ஒன்று தனியாக இருந்தது.

கதை போய்க்கொண்டே இருந்தது.

அவள் எழுந்தாள். சுவரோரமாக நடந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். அது முனகி, இரண்டு சுற்று யோசித்து, பிறகு கடகடவென்று முழு வேகத்தில் சுற்றியது. பைக்குள்ளிருந்த குரல் அந்தச் சத்தத்தில் வாய் மட்டும் அசைகிறவனுடையதுபோல ஆயிற்று. அப்பாவின் கழுத்தைவிட்டு விலகி நின்ற காலர் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது.